காலாவதியான கட் பிலிம்: தானாகத் திரிந்த பாலும் தெப்பக்குளத்துப் படிகளும்

மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பழைய போட்டோ ஸ்டூடியோ ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கேமரா ஸ்டாண்டு ஏதாவது மலிவாகக் கிடைக்குமா என்று பார்க்கப் போனேன். ஸ்டாண்டு அதற்குள் விலை போயிருந்தது. பரணைத் துழாவிக்கொண்டிருந்த பையன் தூசி படிந்த ஒரு தட்டைப் பெட்டியைக் கீழே போட்டான். இல்ஃபோர்ட் எஃப்.பி.4 என்ற கருப்பு வெள்ளை கட் பிலிம், நாலுக்கு அஞ்சு அங்குலம், 25 ஷீட். பக்கவாட்டில் காலாவதி ஆண்டு 1989. மூடியின் மேல் காய்ந்த பல்லி முட்டை ஓடு ஒட்டியிருந்தது.

ஸ்டூடியோக்காரரை அந்தத் தெருவே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் பெட்டியை வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "சீல் பிரிக்கலை தம்பி. எடுத்துட்டுப் போங்க, காசெல்லாம் வேணாம். ஆனா படம் வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

படம் வந்தது. உடனே வரவில்லை, ஏழு ஷீட்டைப் பாழடித்த பிறகு வந்தது. அந்த ஏழில் ஐந்தையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். கருப்பு வெள்ளை பிலிம் கழுவிப் பழக்கமே இல்லாதவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கட் பிலிம் என்பது சுருள் இல்லை, தனித்தனித் தாள். ஒரு தாளுக்கு ஒரு படம். இப்போதைய கடைக்காரர்கள் ஷீட் பிலிம் என்பார்கள், ஸ்டூடியோவில் வளர்ந்தவர்கள் கட் பிலிம் என்பார்கள். கண்ணாடிப் பிளேட்டுக்குப் பின் வந்த சரக்கு இது. நெகட்டிவ் பெரியது என்பதால் முகத்துத் தழும்பையும் அம்மைத் தழும்பையும் அதன் மேலேயே பென்சில் டச்சிங் செய்து மறைத்துவிடலாம். ஹோல்டர் என்ற சட்டத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாளை இருட்டில் செருகி, மேலே டார்க் ஸ்லைடு என்ற தகட்டால் மூடி, கேமராவின் முதுகில் மாட்டுவார்கள். மாஸ்டரிடம் இருந்தது ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மரக் கேமரா, ஹாஃப் பிளேட் அளவு. என்னுடையது செகண்ட்ஹேண்டில் வாங்கிய நாலுக்கு அஞ்சு.

பழசாகிப் போன பிலிமில் கட் பிலிமுக்கு ஒரு தனி நன்மை உண்டு. 120 ரோல் பிலிமில் முதுகோடு ஒட்டி ஒரு காகிதம் சுற்றியிருக்கும். வருஷங்கள் போனால் அந்தக் காகிதத்தில் அச்சடித்த எண்களும் புள்ளிகளும் படத்தின் மேல் பேயாக வந்து நிற்கும். கட் பிலிமில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே பழைய பிலிமில் பழக நினைப்பவருக்கு ரோலை விடத் தாள் மேல் என்பது என் கட்சி. கேமராதான் கொஞ்சம் கனம்.

பிலிம் எப்படிக் கெடுகிறது

பிலிமின் ஒரு பக்கத்தில் ஜெலட்டின் பாகு பூசியிருக்கும். அதற்குள் வெள்ளி ஹாலைடு என்ற உப்பின் படிகங்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஒவ்வொரு படிகத்தையும் ஒரு சின்னக் கிண்ணம் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பட்ட கிண்ணத்தில் ஒரு சொட்டு உறைமோர் விழுகிறது. அதாவது, அந்தப் படிகத்தின் மேல் நாலைந்து வெள்ளி அணுக்கள் சேர்ந்து ஒரு புள்ளி உண்டாகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. பால் இன்னும் பாலாகத்தான் இருக்கிறது.

டெவலப்பர் என்ற கரைசலில் போடுவதுதான் இரவு முழுக்க மூடி வைப்பது. உறைமோர் விழுந்த கிண்ணம் முழுவதும் தயிராகும். விழாத கிண்ணம் பாலாகவே இருக்கும். தயிர் என்று சொன்னது கருப்பு வெள்ளித் துகளை. நாலு அணுப் புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படிகத்தையே வெள்ளியாக மாற்றுவதுதான் டெவலப்பரின் வேலை. பிறகு ஹைப்போ என்ற உப்புக் கரைசலில் போட்டால், மாறாமல் நிற்கும் பாலெல்லாம் கரைந்து வெளியேறிவிடும். மிச்சம் நிற்பது நெகட்டிவ்.

இப்போது அந்தப் பாலை 35 வருஷம் மதுரையில் மொட்டை மாடிக்குக் கீழே பரணில் வைத்துப் பாருங்கள். யாரும் உறை ஊற்ற வேண்டியதில்லை, தானாகவே திரிய ஆரம்பிக்கும். சூடு ஏற ஏற, வெளிச்சமே படாத படிகங்களிலும் அந்த வெள்ளிப் புள்ளி உண்டாகிவிடுகிறது. வேதிவினை எதுவானாலும் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். குளிர் நாட்டு நிலவறையில் கிடந்த பெட்டிக்கும் நம் ஊர்ப் பரணில் கிடந்த பெட்டிக்கும் ஆண்டு ஒன்றாக இருந்தாலும் வயது ஒன்றில்லை. சூடு போதாதென்று வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், பாறையிலும் செங்கல்லிலும் இருக்கும் நுண்ணளவு கதிர்வீச்சு எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உறை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் சூட்டைத் தடுக்கலாம், கதிர்களைத் தடுக்க முடியாது.

பிலிம் எவ்வளவு சுலபமாக வெளிச்சத்தை வாங்கும் என்பதற்கான எண்தான் ஏ.எஸ்.ஏ. வேகமான பிலிம், அதாவது 400 ஏ.எஸ்.ஏ. போன்றது, இந்தக் கதிர்களுக்கும் சூட்டுக்கும் சீக்கிரம் மசிந்துவிடும். எதற்கும் எளிதில் சிலிர்த்துக்கொள்வதுதானே அதன் சுபாவம்! 125, 50 போன்ற மெதுவான பிலிம்தான் தாக்குப் பிடிக்கும். யாராவது பழைய பெட்டிகள் இரண்டை நீட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால், எண் சிறியதாக இருப்பதை எடுங்கள்.

தானாகத் திரிந்த இந்தக் கருமை பிலிம் முழுக்கப் பனிபோலப் பரவி நிற்கும். ஆங்கிலத்திலும் மூடுபனி என்ற சொல்லால்தான் குறிக்கிறார்கள். நான் மூட்டம் என்கிறேன். கூடவே இன்னொன்றும் நடக்கிறது: நல்ல படிகங்கள் சிலவும் மந்தமாகிவிடும், வெளிச்சம் பட்டாலும் உறையாது. ஆக பழைய பிலிமுக்கு நோய் இரண்டு, மூட்டம் ஒன்று, மந்தம் இன்னொன்று.

தெப்பக்குளத்தில் எத்தனை படி தெரியும்?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தண்ணீர் இல்லாமல் பிள்ளைகள் உள்ளே கிரிக்கெட் ஆடிய காலத்தில் அடிப்படி வரை எண்ணலாம். வைகைத் தண்ணீர் வந்து நிறைந்ததும் கீழ்ப்படிகள் மறைந்துவிடும். மேலே இருக்கும் படிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கீழே இருப்பவற்றைத்தான் காணோம்.

நெகட்டிவில் கருமையின் அளவும் இப்படிப் படிப்படியாகத்தான் இருக்கும். வெள்ளை வேட்டி போன்ற வெளிச்சமான இடங்கள் நெகட்டிவில் நல்ல கருப்பு, அவை மேல்படி. நிழல், கூந்தல், மரத்தடி எல்லாம் நெகட்டிவில் மெலிசான சாம்பல், அவை கீழ்ப்படி. மூட்டம் என்பது குளத்தில் ஏறிய தண்ணீர். முதலில் மூழ்குவது நிழல்தான். பழைய பிலிமில் எடுத்த படங்களில் நிழலெல்லாம் சேறு மாதிரி, உள்ளே எதுவும் தெரியாமல் கிடப்பது இதனால்தான்.

அப்படியானால் நிழலைக் காப்பாற்ற என்ன வழி? கீழ்ப்படியில் நிற்பவரைத் தண்ணீருக்கு மேலே இருக்கும் படிக்கு ஏறி நிற்கச் சொல்ல வேண்டும். படம் எடுக்கும்போது அதிக வெளிச்சம் கொடுப்பது அதைத்தான் செய்கிறது. நிழல் உட்பட எல்லாமே இரண்டு மூன்று படி மேலே ஏறிவிடும். மேல்படிக்காரர்கள் இன்னும் மேலே போவார்கள், பரவாயில்லை, கருப்பு வெள்ளை பிலிமுக்கு மேலே இடம் நிறைய உண்டு.

நான் செய்தது இதற்கு நேர்மாறு. முதல் இரண்டு ஷீட்டைக் கீழக்குயில்குடி சமணர் மலையில், பெட்டியில் போட்டிருந்தபடி 125 என்றே நம்பி எடுத்தேன். கழுவியதும் மங்கலான சாம்பல் தகடு. 'சரி, டெவலப்பரில் இன்னும் கொஞ்சம் ஊறியிருந்தால் படம் எழும்பியிருக்கும்' என்று நினைத்து, அடுத்த இரண்டுக்கு நேரத்தை இரண்டு மடங்காக்கினேன். பாத்திரத்திலிருந்து எடுத்தபோது இரண்டும் கருங்கல் மாதிரி இருந்தன. பிறகுதான் உறைத்தது: கூடுதல் நேரம் படத்தை மட்டும் உறைய வைப்பதில்லை, தானாகத் திரிந்ததையும் சேர்த்தே உறைய வைக்கிறது. படியில் ஏறியது கொஞ்சம், ஏறிய தண்ணீர் அதைவிட அதிகம். காலாவதியான பிலிமைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: கூட்ட வேண்டியது கேமராவில் வெளிச்சத்தை, டெவலப்பரில் நேரத்தை அல்ல.

எவ்வளவு கூட்டுவது?

பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. ஸ்டாப் என்றால் வெளிச்சத்தை ஒரு முறை இரட்டிப்பாக்குவது. 35 வருஷத்துக்கு மூன்றரை ஸ்டாப், அதாவது பத்துப் பன்னிரண்டு மடங்கு. இந்தக் கணக்கை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். பெட்டி எங்கே கிடந்தது என்று அந்த வாய்ப்பாட்டுக்குத் தெரியாது. சோதித்துத்தான் ஆக வேண்டும். சோதனைக்கு ஒன்றரை ஷீட் போதும்.

முதல் சோதனைக்குக் கேமராவே வேண்டாம். முழு இருட்டில் ஒரு ஷீட்டைக் கத்தரியால் பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதி அடுத்த முறைக்கு. கருப்புக் கவருக்குள் போய்விடட்டும். இன்னொரு பாதியை மறுபடி இரண்டாக்கி, ஒரு துண்டை நேராக ஹைப்போவில் போடுங்கள். மற்றதை வழக்கமான நேரம் டெவலப் செய்து பிறகு ஹைப்போவில் போடுங்கள். முதல் துண்டு, பிலிம் தகட்டின் சொந்த நிறம். இரண்டாவது துண்டு அதைவிட எவ்வளவு கருப்போ, அதுதான் மூட்டம். இரண்டையும் ஜன்னலில் ஒட்டிவைத்துப் பாருங்கள். இரண்டாவதன் வழியாக எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி தெளிவாகத் தெரிந்தால் கவலை இல்லை. சூரியனே மங்கலாகத் தெரிந்தால், அந்தப் பெட்டியை ஹோல்டரில் செருகிப் பழக மட்டும் வைத்துக்கொள்ளலாம். என் பெட்டியில் துணி தெரிந்தது, துணியின் பூ தெரியவில்லை.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். எங்கள் வீட்டுப் பின்சந்தில் காரை பெயர்ந்து செங்கல் தெரியும் சுவர் ஒன்று உண்டு. பக்கவாட்டில் வெயில் விழும்போது ஒவ்வொரு செங்கல் இடுக்கிலும் ஒரு சின்ன நிழல் விழும். சோதனைக்கு இப்படிப்பட்ட சுவர்தான் வேண்டும், எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் அதில் வெளிச்சமும் நிழலும் இருக்கும்.

கேமராவைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, லென்ஸ் துவாரத்தை எஃப் 32இல் வைத்தேன் (எஃப் எண் பெரிதானால் துவாரம் சிறிது). நல்ல வெயிலில் 125 ஏ.எஸ்.ஏ. பிலிமுக்கு எஃப் 16இல் நொடியில் 125இல் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. எஃப் 32 என்றால் 30இல் ஒரு பங்கு. டார்க் ஸ்லைடை முழுக்க உருவிவிட்டு முதல் கிளிக், 1/30. பிறகு ஸ்லைடை ஓர் அங்குலம் உள்ளே தள்ளி மீண்டும் 1/30. இன்னோர் அங்குலம் தள்ளி 1/15. அடுத்து 1/8. கடைசியாக 1/4. தாள் ஐந்து பட்டைகளாகப் பிரிந்துவிட்டது. முதலில் மூடிய பட்டைக்கு ஒரே ஒரு 1/30தான் கிடைத்தது. அடுத்த பட்டைக்கு இரண்டும் சேர்ந்து 1/15. அப்படியே 1/8, 1/4, கடைசிப் பட்டைக்கு அரை நொடி. ஏ.எஸ்.ஏ.வில் சொன்னால் 125, 64, 32, 16, 8. இடையில் கேமராவைத் தொடும்போது அசையக் கூடாது, ஸ்டாண்டின் மேல் செங்கல் ஒன்றைத் தொங்கவிட்டேன்.

கழுவிக் காயவைத்து, செங்கல் இடுக்கு நிழலுக்குள் ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். 125இல் நிழலே இல்லை, தண்ணீருக்குள் இருந்தது. 64இலும் அப்படித்தான். 32இல் ஏதோ இருப்பது போலிருந்தது. 16இல் இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு காய்ந்த வேர் தெரிந்தது! 8இல் அதே வேர் இன்னும் திடமாகத் தெரிந்தது, ஆனால் வெயில் பட்ட செங்கல் எல்லாம் அடர்ந்து போயிருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெட்டியின் பெயர் 16. பெட்டி மேல் மார்க்கரால் எழுதியும் வைத்துவிட்டேன். உங்கள் பெட்டிக்கு 25 வரலாம், 6 வரலாம். சுவர் சொல்வதை எழுதுங்கள்.

எதை எடுப்பது

16 ஏ.எஸ்.ஏ. என்றால் உச்சி வெயிலிலும் எஃப் 22இல் நொடியில் எட்டில் ஒரு பங்கு. கையில் பிடித்து எடுக்கும் பேச்சே இல்லை. ஆட்கள் கண் சிமிட்டுவார்கள், வேப்பிலை ஆடும். ஆகவே அசையாததைத் தேடிப் போங்கள். ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலையை விட அசையாத ஒன்று மதுரையைச் சுற்றிக் கிடையாது. காலையில் பக்கவாட்டு வெயில் விழும்போது அதன் முதுகிலுள்ள மழைத்தாரைகள் கோடு கோடாகத் தெரியும். மேகமூட்டமான நாளில் போக வேண்டாம். பிலிமுக்குள்ளேயே ஒரு மூட்டம் இருக்கிறது, வெளியே இன்னொன்று எதற்கு? வெளிச்சமும் நிழலும் அடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சிகள்தான் பழைய பிலிமுக்குத் தோது. ஒரு நொடிக்கு மேல் திறந்து வைக்கும் நிலை வந்தால் கணக்குக்கு மேல் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். நீண்ட நேர மெல்லிய வெளிச்சத்தை எந்தப் பிலிமும் முழுதாக வாங்கிக்கொள்ளாது.

கல்யாணத்துக்கும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். திரும்ப எடுக்க முடிகிற விஷயங்களுக்கு மட்டும்.

ஹோல்டரில் செருகுவதைப் பற்றி ஒரு சொல். இருட்டில் பாகு பூசிய பக்கம் எது என்று தெரிய, தாளின் ஓரத்தில் சின்ன வெட்டுகள் போட்டிருப்பார்கள். தாளை நெடுக்குவாட்டில் பிடித்து, அந்த வெட்டுகள் மேலே வலது மூலைக்கு வந்தால் பாகு உங்களைப் பார்த்து இருக்கிறது. மாஸ்டர் வெட்டைத் தடவிப் பார்ப்பதே இல்லையாம். தாளின் மூலையை லேசாக ஈர உதட்டில் வைப்பாராம், பாகுப் பக்கம் என்றால் உதட்டில் ஒட்டும். டார்க் ஸ்லைடின் பிடியில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கருப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் இன்னும் எடுக்கவில்லை, கருப்பு தெரிந்தால் எடுத்தாயிற்று. இதை மறந்து யானைமலை மேல் சமணர் மலையை எடுத்த ஒரு ஷீட்டும் என்னிடம் இருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மதுரைத் தண்ணீரில் கழுவுவது

புத்தகங்களெல்லாம் 20 டிகிரி என்கின்றன. சித்திரை மாதத்தில் நம் வீட்டு மாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. சூடான கரைசலில் ஜெலட்டின் ஊறிப் பெருத்து மென்மையாகும், நகம் பட்டாலே வழித்துக்கொண்டு வரும். பழைய பிலிமில் மூட்டமும் சேர்ந்து எகிறும். இந்த ஊர் வெயில் போட்டோக்காரர்களை அன்றிலிருந்தே சோதித்துத்தான் வந்திருக்கிறது. 1858இல் சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக மதுரைக்கு வந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் இதே தெப்பக்குளத்தையும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில்தான் எடுத்தார். ஈரம் காய்வதற்குள் வேலையை முடித்தாக வேண்டிய கண்ணாடிப் பிளேட்டை விட, முன்கூட்டியே தயாரித்து வைக்க முடிகிற காகிதம் இந்த வெயிலுக்கு ஒத்து வந்தது.

நான் 24 டிகிரியை இலக்காக வைத்துக்கொண்டேன். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நாலு மணிக்குப் பிடித்த தண்ணீர் என்றால் அதிகம் மெனக்கெட வேண்டாம். மற்ற மாதங்களில் ஐஸ்தான். ஐஸை டெவலப்பருக்குள் போட்டால் கரைந்து நீர்த்துவிடும். பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதற்குள் டெவலப்பர் ட்ரேயை மிதக்க விடுங்கள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாக் கடைக்கு ஐஸ் போடுகிற அண்ணனிடம் உடைசல் கேட்டு வாங்கினேன். "எதுக்குண்ணே, வீட்ல விசேஷமா?" என்றார். போட்டோ கழுவ என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

டெவலப்பர் மட்டும் குளிர்ந்து, அடுத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தால் பாகு சுருங்கி, காய்ந்த கண்மாய் மண் போல வெடிப்பு விடும். எல்லாத் தட்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கட்டும். ஹைப்போ இங்கே ஒரு உபகாரம் செய்கிறது: லிட்டருக்கு 250 கிராம் ஹைப்போப் படிகத்தைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் கரைசல் தானாகவே ஜில்லென்று ஆகிவிடும். ஜாடியின் வெளியே வியர்வை கூடப் பூக்கும். ரொம்பக் குளிர்ந்துவிடும் என்பதால் முந்தின இரவே கரைத்து வைப்பது நல்லது.

டெவலப்பர் டி-76. பொட்டலமாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேதிப்பொருள் கடையில் வாங்கி நாமே கலக்கலாம்: மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், தண்ணீர் சேர்த்து 1 லிட்டர். 50 டிகிரி சுடுதண்ணீர் முக்கால் லிட்டரில் இதே வரிசையில் கரைக்க வேண்டும். சல்ஃபைட்டை முதலில் முழுதாகக் கொட்டினால் மெட்டால் கரையாமல் அடம் பிடிக்கும். கையுறை போடாமல் தொடாதீர்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், ஒருமுறை வந்தால் சும்மா விடாது.

மூட்டத்தை அமுக்க ஒரு மருந்து உண்டு, பென்சோட்ரயசோல். ஒரு கிராமை 100 மில்லி வெந்நீரில் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல். பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது. அந்தக் கரைசலிலிருந்து லிட்டர் டெவலப்பருக்கு 10 மில்லியில் ஆரம்பியுங்கள். தானாகத் திரிந்த படிகங்களை அது முதலில் தடுக்கும். நல்ல படிகங்களையும் கொஞ்சம் தடுக்கும் என்பதால், மருந்து சேர்த்தால் அதே மருந்தோடுதான் செங்கல் சுவர் சோதனையையும் செய்ய வேண்டும். எனக்கு 16 என்று வந்தது இந்தப் பத்து மில்லியோடு சேர்த்துத்தான். பொட்டாசியம் புரோமைடும் இதே வேலையைச் செய்யும், பழைய பிலிமுக்கு எனக்குப் பிடித்தது முன்னதுதான்.

இனி இருட்டு. எஃப்.பி.4 எல்லா நிறத்தையும் பார்க்கிற பிலிம், சிவப்பு விளக்கு கூடாது. எங்கள் வீட்டில் குளியலறைதான் டார்க்ரூம். கதவை அடைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால்தான் ஓட்டைகள் தெரியும்: கதவிடுக்கு, கீசரின் சிவப்புப் பொட்டு, சுவிட்சுக்குள் மினுக்கும் நியான். கைக்கடிகாரத்தையும் கழற்றி வெளியே வையுங்கள். நேரம் பார்க்க வழியில்லை என்பதால், என் குரலிலேயே "ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்..." என்று போனில் பதிந்து, போனைக் கதவுக்கு வெளியே வைத்து ஓடவிடுவேன். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிவிட்டது. மூடிய அறையில் ஐந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும். நெற்றியில் துண்டு கட்டுங்கள். என் ஏழாவது ஷீட்டின் நடுவில், ஆகாயத்தில், ஒரு வியர்வைச் சொட்டு நிலா மாதிரி நிற்கிறது.

ஆரம்பத்தில் ஒரு தட்டில் ஒரு தாள் மட்டும். ஆறு தாளை அடுக்கிச் சீட்டுக்கட்டுபோல மாற்றி மாற்றி அடியில் செருகுவது தேர்ந்தவர்கள் வேலை. நமக்கு மூலை குத்திக் கீறல்தான் மிஞ்சும். முதலில் ஒரு நிமிடம் வெறும் தண்ணீர். பிறகு பாகு மேலே பார்க்க டெவலப்பரில் அமிழ்த்தி, தட்டின் ஓரத்தை மாறி மாறித் தூக்கி, அலை தாளைக் கடந்து போகும்படி மெதுவாக ஆட்டுங்கள். நீர்க்காத டி-76இல் நான் கொடுத்தது 24 டிகிரியில் ஐந்தரை நிமிடம். 20 டிகிரி என்றால் எட்டு. அதற்கு மேல் ஒரு நொடியும் இல்லை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். அடுத்து கடை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு சேர்த்த கரைசலில் அரை நிமிடம், டெவலப்பர் அங்கேயே நின்றுவிடும். பிறகு ஹைப்போ. பாதிச் சோதனையில் வெட்டிய துண்டு எத்தனை நிமிடத்தில் பால் வெண்மை போய்த் தெளிந்ததோ, அதைப் போல இரண்டு மடங்கு நேரம். அப்புறம் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஐந்து ஐந்து நிமிடமாக ஏழெட்டுத் தட்டுத் தண்ணீர் மாற்றினால் அலசலும் ஆயிற்று, குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வீணடிக்க வேண்டாம். பயன்படுத்திய ஹைப்போவில் பிலிமிலிருந்து வெளியேறிய வெள்ளி இருக்கும். கிணற்றடியிலும் செடியிலும் ஊற்றாதீர்கள். எக்ஸ்ரே லேப்களிலிருந்து வெள்ளி எடுக்க இதை வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சேர்த்துவிடலாம்.

காய்ந்த நெகட்டிவைப் பார்த்து முதலில் மனம் தளர்ந்து போகும். புது பிலிம் போலப் பளிங்காக இருக்காது, காப்பிக்கடை ஜன்னல் கண்ணாடி மாதிரி எங்கும் ஒரு சாம்பல். ஓரங்கள் நடுவை விடக் கருத்திருக்கும், காற்றும் ஈரமும் அந்த வழியாகத்தான் புகுந்தன. யானைமலை நெகட்டிவை மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். "மூட்டத்தைப் பாத்து பயப்படாதீங்க தம்பி. அது எல்லா எடத்துலயும் ஒண்ணாத்தான நிக்கிது? பிரிண்ட் போடும்போது கூட ரெண்டு மடங்கு நேரம் லைட்டு குடுங்க, தாண்டி வந்துரும். ஓரத்தை மட்டும் வெட்டிருங்க."

அவர் சொன்னதுதான் சரி. எல்லா இடத்திலும் ஒரே அளவாக நிற்கும் மூட்டம் பிரிண்டில் தெரியாது, நேரத்தைத்தான் தின்னும். ஸ்கேன் செய்கிறவர்கள் கருமையின் தொடக்கத்தை மூட்டத்துக்கு மேலே நகர்த்தினால் போதும். கொஞ்சம் சப்பென்று இருந்தால், பிரிண்ட் போடும் தாளில் ஒரு கிரேடு, அதாவது கருப்பு வெள்ளை வித்தியாசத்தின் அளவில் ஒரு படி, கூட்டிக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் கிரேடில் போட்டேன். யானையின் துதிக்கைப் பக்கம் நிழலில் நிற்கும் பனைகள் ஐந்தையும் எண்ண முடிகிறது.

பெட்டியில் இன்னும் ஒன்பது ஷீட் இருக்கிறது. கருப்புக் கவரோடு டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எடுத்ததும் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ந்த பாகின் மேல் ஈரம் பூத்துவிடும்.